ஆயிரத்தொரு வெள்ளி எங்கே போனது

மெய்ப்புத் தாளின் நன்கொடையாளர் பட்டியலில் அந்த வரி இப்படி இருந்தது: ‘சிங்கப்பூர் வாழ் பேரப்பிள்ளைகள் – தேவகோட்டை001’.

ஒரு கோவிலின் குடமுழுக்கு மலர். காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தோம். பக்க வடிவமைப்பும், பக்கங்களை ஒன்றுசேர்க்கும் கணினி வேலையும் என் பொறுப்பு. மெய்ப்பு போன மறுநாள் காலையில் விழாக் குழுவிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்தார்.

“தம்பி, எங்க பேரன்மாரு குடுத்தது ஆயிரத்தொரு வெள்ளி. இங்க ஊர்ப் பேரைப் போட்டு ஒட்டுனாப்புல ரெண்டு சைபரும் ஒண்ணும் போட்டிருக்கே. என்னன்னு பாருங்க.”

“பாத்துட்டு இப்பவே கூப்பிடுறேன் ஆச்சி.”

மூலப் பட்டியலில் $1001 என்று சரியாகத்தான் இருந்தது. மற்ற வெளிநாட்டு வரிகளையும் எடுத்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது. $501 கொடுத்தவருக்கு 01. $251 கொடுத்தவருக்கு 51. ரூபாய்த் தொகைகளுக்கு நாங்கள் குறி எதுவும் போடவில்லை, வெறும் எண்தான். ஆகவே அந்த 51, யாரோ ஐம்பத்தொரு ரூபாய் எழுதிக் கொடுத்தது போலப் பட்டியலில் உட்கார்ந்திருந்தது. மொய்யும் நன்கொடையும் ஒன்றில் முடிவதுதான் நம் வழக்கம் என்பதால், மெய்ப்பு பார்த்த அண்ணனுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அந்த தேவகோட்டை001 மட்டும் வராமல் போயிருந்தால் அத்தனை பேரின் தொகையும் தப்பாகவே அச்சேறியிருக்கும். சிங்கப்பூரில் நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். பட்டியலிலும் ‘1001 வெள்ளி’ என்று எழுதியிருந்தால் இந்தத் தவறு நடந்தே இருக்காது. காரணம், கோளாறு முழுவதும் அந்த டாலர் குறியில்தான் இருந்தது.

மலரில் பதினெட்டு ஊர்களின் பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாற்றுக் கட்டுரை, பழைய படங்கள், வீடுகளின் முகப்பு, வளவுப் புகைப்படங்கள், நன்கொடையாளர் பட்டியல். ஓர் ஊரின் ஒரு படம் மாறினால் அந்த ஊரை மட்டும் மறுபடி செய்ய வேண்டும். முழு மலரையும் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். இப்படிப்பட்ட வேலைக்கென்றே பிறந்த கருவி மேக். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. நிரல்களைத் தொகுப்பதற்காக வந்தாலும், எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்பு வருகிறது என்று சொல்லிவிட்டால் போதும். பழசாகிப்போனதை மட்டும் புதுப்பித்துத் தரும். நான் பயன்படுத்துவது அதன் குனு மேக் என்ற வடிவம்.

மேக்கின் மொழியில் எல்லாமே எழுத்துத் துணுக்குதான். எண் கிடையாது, பட்டியல் கிடையாது, உண்மை பொய் கிடையாது. ஒரு பெயருக்கு ஒரு துணுக்கைக் கொடுத்து வைக்கிறோம். அந்தப் பெயரைத்தான் மாறி என்பார்கள். டாலர் குறியோடு அதை எழுதினால், அந்த இடத்தில் துணுக்கு வந்து உட்காரும்; இதுதான் விரிவது. இதன் அருமையைச் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் நியாயமில்லை. அச்சகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பிக்கு அரை நாளில் சொல்லிக் கொடுத்துவிட்டேன். “பேருக்குப் பதிலா பொருள் வரும், அவ்வளவுதானே அண்ணே?” என்றான். அவ்வளவுதான். கற்க இத்தனை எளிதான வேறு முறை எனக்குத் தெரியவில்லை.

சரி, $1001க்கு என்ன ஆயிற்று? மேக்கில் பெயரை அடைப்புக்குள் போட வேண்டும். போடாவிட்டால் டாலருக்கு அடுத்த ஒரே ஓர் எழுத்துதான் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். $501 என்றால் ‘5’ என்ற மாறி, அப்புறம் 01. ‘5’ என்று எதையும் நான் வரையறுக்கவில்லை. வரையறுக்காத மாறி மேக்கில் பிழையாகாது, வெறுமையாகிவிடும். மிச்சம் 01. நானோ பட்டியலை ஒரு வார்ப்புருவுக்குள், அதாவது ஒவ்வோர் ஊருக்கும் திரும்பப் பயன்படுத்தும் துணுக்குக்குள், வைத்து, ஊர்ப் பெயரைக் கொடுத்து அழைக்கும்படி எழுதியிருந்தேன்:

    $(கால் நன்கொடைப்_பக்கம்,தேவகோட்டை)

(கால் என்று நான் எழுதியிருப்பது ஆங்கில call.) இப்படி அழைக்கும்போது வார்ப்புருவுக்குள் $1 என்பது முதல் உள்ளீடு. அதாவது தேவகோட்டை. ஆகவே $1001 என்பது $1, அப்புறம் 001. கருவி தன் விதிப்படி மிகச் சரியாக நடந்துகொண்டது. எக்செல் பட்டியலை ஒரு சிறு ஸ்கிரிப்ட் கொண்டு மேக்ஃபைலுக்குள், அதாவது மேக் படிக்கும் கோப்புக்குள், ஒட்டியது நான். ஒட்டிய கணத்திலேயே ஆச்சி பேரன்மாரின் நன்கொடை நிரலாக மாறிவிட்டது.

டாலரை இரட்டித்து $$1001 என்று எழுதினால் தீரும். உடனே அதைத்தான் செய்தேன். மறுநாளே அடுத்தது வந்தது: ‘காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்’ என்ற முகவரியை உள்ளீடாகக் கொடுத்த இடத்தில் மாவட்டம் காணாமல் போயிருந்தது. காற்புள்ளிதான் உள்ளீடுகளைப் பிரிக்கும் குறி. அதை அங்கே நேரடியாகத் தப்புவிக்க வழியே இல்லை. காற்புள்ளியை ஒரு மாறியில் போட்டு வைத்து அந்த மாறியை எழுத வேண்டும். வீட்டு எண்ணுக்கு முன்னால் யாராவது # போட்டிருந்தால், சாதாரண மாறி வரியில் அதற்கு அப்புறம் உள்ளது அத்தனையும் குறிப்புரையாகக் கழிந்துவிடும். ஒவ்வொன்றையும் அடைக்க அடைக்க அடுத்த ஓட்டை. தரவில் வரக்கூடிய எழுத்துகளும் நிரலின் விசேஷக் குறிகளும் ஒரே இடத்தில் புழங்கும் வரை இது தீராது என்று புரிய எனக்கு நாலைந்து மெய்ப்புகள் ஆயின.

இதைவிடத் தந்திரமான இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு பெயர் எப்போது விரிய வேண்டும்?

என் ஐயா, அப்பாவின் அப்பா, கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய பேரேடுகள் இன்னும் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றில் ௳, ௴, ௵, ௶, ௷ என்ற குறிகள் எங்கும் நிறைந்திருக்கும்: நாள், மாதம், வருடம், பற்று, வரவு. அவற்றோடு ௸. மேற்படி. ஒரு பெயரை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ௸ போட்டுக்கொண்டே போகலாம். படிக்கிறவர் மேலே பார்த்து, அங்குள்ள பெயரை இங்கே வைத்துப் படித்துக்கொள்வார். எழுதும்போது விரியாமல் படிக்கும்போது விரிகிற ஒரு சுருக்கம் அது. இடமும் மையும் மிச்சம். ஆனால் இரண்டு வரிகளுக்கு நடுவே பின்னால் யாராவது ஒரு புதுப் பெயரைச் செருகினால், அதற்குக் கீழே உள்ள ௸ அனைத்தும் சத்தமில்லாமல் புதுப் பெயருக்குப் போய்விடும். ஐயாவின் ஏடுகளில் ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன். எந்தப் பக்கத்தின் முதல் வரியிலும் ௸ இருக்காது. பெயர் முழுதாக இருக்கும். முந்தின பக்கத்தில் என்ன நடந்தாலும் இந்தப் பக்கத்தைப் பாதிக்காது.

மேக்கிலும் இதே இரண்டு வகை உண்டு. = என்று எழுதினால் துணுக்கு அப்படியே கிடக்கும்; பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் புதிதாக விரியும். := என்று எழுதினால் அந்த வரியிலேயே ஒரே முறை விரிந்து உறைந்துவிடும். பழைய மேக்கில் முதல் வகை மட்டும்தான். இரண்டாவது பின்னால் வந்தது. ஒரு முக்காற்புள்ளிதான் வித்தியாசம் என்று நினைத்து நான் பல மாதம் = மட்டுமே எழுதிக்கொண்டிருந்தேன்.

மெய்ப்பின் ஒவ்வொரு பக்க அடியிலும் தேதி வர வேண்டும் என்பது அச்சக வழக்கம். கணினிக் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லிடம் தேதியைக் கேட்டு, நான் இப்படி எழுதியிருந்தேன்:

    தேதி = $(ஷெல் இன்றைய தேதியைக் கேட்கும் கட்டளை)

ஓர் இரவு பதினொன்றே முக்காலுக்கு முழு மலரையும் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வேலை நடுவில் இருக்கும்போது பன்னிரண்டு மணி தாண்டியது. ஒவ்வொரு ஊரின் செய்முறையும் ஓடும் நேரத்தில்தான் தேதி விரிகிறது என்பதால், ஏழு ஊர்களில் ஒரு தேதி, பதினொன்றில் அடுத்த தேதி. காலையில் தாள்களை அடுக்கிய அண்ணன், தேதி பார்த்து அடுக்கும் பழக்கமுள்ளவர். பழைய தேதியிட்ட ஏழையும் முந்தின மெய்ப்பு என்று கழித்துவிட்டு மிச்சத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அவர் செய்ததில் ஒரு தவறும் இல்லை. “தேதி மாறுனா வேற மெய்ப்புதானே தம்பி” என்றார். உண்மைதானே.

அதோடு நேரச் செலவு வேறு. படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்கைத் துழாவிப் பட்டியல் எடுக்கும் கட்டளையையும் = கொண்டு எழுதியிருந்தேன். அந்தப் பெயரை அறுபது இடங்களில் பயன்படுத்தினால் அறுபது முறை துழாவும். எதுவும் செய்யாமல் ‘புதுப்பிக்க ஒன்றுமில்லை’ என்று சொல்லவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. ஒரு முக்காற்புள்ளியைச் சேர்த்ததும் சில நொடிகளாகக் குறைந்தது.

அப்படியானால் எங்கும் := போட்டுவிடலாமே என்று எல்லாவற்றையும் மாற்றினேன். அப்போது வேறு சிக்கல். மேலே உள்ள வரி, கீழே பின்னால் வரப்போகிற மாறியைப் பயன்படுத்தியிருந்தால், அந்த நேரத்தில் அது வெறுமை, வெறுமையாகவே உறைந்துவிடும். முன்னுரைப் பக்கங்கள் இப்படித்தான் ஒரு முறை மலரிலிருந்து விடுபட்டன. சோம்பலாக விரிவது வரிசையைப் பற்றிக் கவலைப்படாது, ஆனால் எப்போது எத்தனை முறை விரியும் என்று கைவிரல் விட்டு எண்ண முடியாது. உடனே விரிவது எண்ணக்கூடியது, ஆனால் வரிசைக்குக் கட்டுப்பட்டது. இரண்டையும் ஒருசேரத் தரும் மொழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

இப்போது நான் கடைப்பிடிப்பது: எதையும் முதலில் := என்றே எழுதுவேன். இலக்கின் (விதி உருவாக்கப்போகும் கோப்பின்) பெயர் போல, விதி ஓடும்போது மட்டுமே தெரிகிற விஷயம் உள்ளே இருந்தால் மட்டும் =. அதையும் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதித்தான் போடுவேன். ஒரு கோப்பில் = என்று எழுதிய மாறியை இன்னொரு கோப்பில் பயன்படுத்த மாட்டேன். ஐயாவின் பக்கத் தலைப்பு வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். அப்புறம், மாறியின் கடைசியில் துணுக்கைச் சேர்க்கும் += பற்றி ஒரு எச்சரிக்கை: அது ஏற்கெனவே உள்ள வகையைப் பின்பற்றும்; மாறி முன்னால் இல்லையென்றால் = போல நடந்துகொள்ளும். ஷெல் கட்டளையின் வெளியீட்டை மாறியில் வைக்கும் != என்ற குறியும் அப்படித்தான், சோம்பல் வகையையே உண்டாக்கும். வெளியீட்டில் டாலர் இருந்தால் மறுபடி விரியும். தெரியாமல் அதைப் போட்டிருந்தால் என் நன்கொடைக் கதை இன்னொரு முறை நடந்திருக்கும்.

வரையறுக்காத பெயர் வெறுமையாகும் என்று சொன்னேன் அல்லவா? அதனால் வந்த இழப்புதான் இந்த நான்கு வருடத்தில் எனக்கு அதிகம் வலித்தது.

ஊர்ப் படங்களை எடுத்த புகைப்படக்காரர் பழைய ஆப்பிள் கணினி ஒன்றில் ஊர்ப் பெயரிட்ட கோப்புகளாக வைத்து ஜிப் செய்து அனுப்பினார். அந்தக் கோப்புப் பெயர்களிலிருந்தே மாறிகளின் பெயர்களை எடுக்கும்படி எழுதியிருந்தேன். மேக்கில் தமிழிலேயே மாறிப் பெயர் வைக்கலாம். இடைவெளியும் சில குறிகளும் இல்லாமல் இருந்தால் போதும். எனக்கு அதில் பெரிய சந்தோஷம். பள்ளத்தூர், கண்டனூர், கானாடுகாத்தான் எல்லாம் ஒழுங்காக வந்தன. கோட்டையூரும் தேவகோட்டையும் கொத்தமங்கலமும் வரவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். கடைசியில் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்தபோது விளங்கியது. ‘கோ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்கு அப்புறம் ஓகாரத்துக்கென உள்ள ஒற்றைக் குறியைப் போடலாம். இல்லையென்றால் இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனி இரண்டு குறிகளாகப் போடலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். பழைய ஆப்பிள் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். என் விசைப்பலகை சேர்த்துத்தான் எழுதும். மேக்குக்கோ பைட்டுகள்தான் தெரியும், தமிழ் தெரியாது. ஆகவே அதற்கு அவை இரண்டு வேறு மாறிகள். கொம்பும் காலும் சேராத பெயருடைய ஊர்கள் மட்டும் தப்பின.

வலித்தது அதற்கு முன் நடந்தது. ‘வெளியீடு’ கோப்புறைக்குள் அந்த ஊரின் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிதாகச் செய் என்று ஒரு விதி. ஊர் மாறி வெறுமையானதும், அழிக்க வேண்டிய பாதை வெறும் ‘வெளியீடு’ என்று ஆகிவிட்டது. அதற்குள்தான் அச்சகத்து அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து கறை நீக்கிச் சரிசெய்த பழைய கல்யாணப் புகைப்படங்களும் இருந்தன. சில படங்களை ஸ்கேன் முடிந்ததும் வீட்டுக்காரர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவரிடம் போய்ச் சொன்னேன். “திரும்பச் செஞ்சுக்கலாம் தம்பி, ஸ்கேன் இருக்குல்ல” என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் மறுபடி உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து நான்கு விஷயங்கள் மாறின. வரையறுக்காத மாறியைப் பயன்படுத்தினால் எச்சரிக்கும் விருப்பம் மேக்கில் இருக்கிறது. அதைப் போடாமல் ஓட்டுவதில்லை. அழிக்கும் விதி எதுவானாலும், மாறி வெறுமையா என்று முதலில் பார்த்து, வெறுமையென்றால் பிழை சொல்லி நின்றுவிடும். கையால் செய்த எதுவும் கருவி எழுதும் கோப்புறையில் இருக்காது. வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பையும் முதலில் பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். தமிழில் கோப்புப் பெயர் வைக்கிற எல்லோரும் இந்தக் கடைசி ஒன்றையாவது செய்யுங்கள்.

‘வெறுமையாக எடுத்துக்கொள்’ என்ற முடிவை மேக் எடுத்ததற்குக் காரணம் உண்டு. விருப்பமான அமைப்புகளை யாரும் வரையறுக்காமலே விட்டுவிடலாம், எல்லாம் ஓடும். சின்னக் கோப்புகளுக்கு அது வசதி. என் கணக்கில், கோப்பு நூறு வரியைத் தாண்டியதும் அந்த வசதி கடனாக மாறுகிறது.

இடைவெளி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேக்கில் பட்டியல் என்பது இடைவெளி விட்டு எழுதிய துணுக்கு. ‘மேல வீடு’ என்று ஒரு படத்துக்குப் பெயர் வைத்தால் அது இரண்டு படம். இதே போன்ற வேலைக்கான சிமேக் என்ற கருவி இடைவெளிக்குப் பதில் அரைப்புள்ளியை எடுத்துக்கொண்டது. சிக்கல் அரைப்புள்ளிக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். மெசான் என்ற இன்னொரு கருவி பட்டியலை உண்மையான பட்டியலாகவே வைத்தது. அங்கே இந்தத் தலைவலி இல்லை.

இனி மறுவிரிவு. ஒரு பெயர் விரிந்து வந்த துணுக்குக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அதையும் விரிக்க வேண்டுமா? எம்4 என்ற மேக்ரோ கருவி (விரியும் பெயரைத்தான் அங்கே மேக்ரோ என்பார்கள்), 1977இல் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது, ஆம் என்று சொல்கிறது. விரிந்ததைத் திரும்ப உள்ளீட்டிலேயே போட்டு மறுபடி படிக்கும். அதனால் அபாரமான காரியங்கள் செய்யலாம். முடிவில்லாமல் சுற்றவும் செய்யலாம். விரியக் கூடாததை மேற்கோளுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டும், ஒவ்வொரு வாசிப்பிலும் ஒரு மேற்கோள் உரிந்துபோகும். எத்தனை முறை வாசிக்கும் என்று தெரிந்தால்தான் எத்தனை மேற்கோள் என்று தெரியும். எம்4ஐ வைத்து எழுதப்பட்ட ஆட்டோகான்ஃப் என்ற கருவி அந்த மேற்கோள்களைச் சதுர அடைப்புகளாக மாற்றிக்கொண்டது. ஆனாலும் அடைப்புக்குள் அடைப்பாக எண்ணித்தான் எழுத வேண்டும். நான் ஒரு வாரம் எம்4 பழகிவிட்டு விட்டேன். தமிழ் எழுத்துகளை அது மேக்ரோப் பெயராக ஏற்காது என்பதும் ஒரு காரணம். சி மொழியின் முன்செயலி (தொகுப்பதற்கு முன் மேக்ரோக்களை விரிப்பது) மறுபடி படிக்கும், ஆனால் ஒரு மேக்ரோ தன் விரிவுக்குள்ளேயே தன் பெயரைக் கண்டால் அதைத் தொடாமல் விட்டுவிடும். மேக் தன்னைத்தானே சுட்டும் மாறியைக் கண்டால் பிழை சொல்லி நின்றுவிடும். சுற்றவிடுவது, தொடாமல் விடுவது, நிறுத்துவது. எனக்குப் பிடித்தது நிறுத்துவது. தப்பு நடந்த இடம் தெரியும்.

$(ஷெல் …) என்று கேட்டு வாங்கும் வெளியீட்டை, != போல இல்லாமல், மேக் தானாக மறுபடி விரிப்பதில்லை என்பது நல்ல முடிவு. ஆனால் விதிகளையே துணுக்குகளாகச் செய்ய ஈவால் என்ற செயற்கூறு இருக்கிறது. பதினெட்டு ஊருக்குப் பதினெட்டு விதி எழுதச் சோம்பிக்கொண்டு அதைப் பிடித்தேன். அங்கே ஒரு துணுக்கை மூன்று பேர் படிக்கிறார்கள்: ஈவாலுக்குள் போகும்போது ஒரு முறை, விதி ஓடும்போது ஒரு முறை, கடைசியில் ஷெல் ஒரு முறை. இலக்கின் பெயருக்கு $$@ என்று இரண்டு டாலர். ஷெல்லின் சொந்த மாறிக்கு $$$$ என்று நான்கு. சரியாக எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது எந்த டாலர் யாருக்கு என்று எனக்கே தெரியவில்லை. அந்தத் தம்பி அந்தக் கோப்பைத் தொடவே பயந்தான். அரை நாளில் கற்றுக்கொண்டவன் பயப்படுகிற அளவுக்கு ஒரு கோப்பை நான் கொண்டுபோயிருந்தேன்.

அந்த நிலையில் உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன். ஈவால் என்று எழுதிய இடத்தில் இன்ஃபோ என்று மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். முதல் விரிவுக்கு அப்புறம் மேக்கின் கையில் என்ன துணுக்கு இருக்கிறது என்று திரையில் காட்டும். ஆத்தங்குடிக் கல் செய்கிற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குவார்கள். பூ விழுகிற முகம் கீழே கண்ணாடிப் பக்கம் இருக்கும். கல் இறுகி, கண்ணாடி பிரிந்த பிறகுதான் முகம் தெரியும். ஈவாலும் அப்படித்தான், கட்டி முடித்த பிறகே முகம் காட்டும். இன்ஃபோவைப் போட்டால் முன்கூட்டியே கண்ணாடிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த மலருக்கு முழு அமைப்பையும் மாற்றினேன். எக்செல் பட்டியலை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் படிக்கும். நன்கொடைப் பக்கங்களை அதுவே நேராகக் கோப்பாக எழுதிவிடும். மேக் அந்த எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. அதற்குத் தெரிய வேண்டியது எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்பு என்பது மட்டும். ஊர்களுக்கான விதிகளையும் பைத்தானே வரி வரியாக எழுதித் தரும். மாறி கிடையாது, வார்ப்புரு கிடையாது, நானூறு வரி தட்டையான மேக்ஃபைல். நிஞ்ஜா என்ற கருவி இந்த எண்ணத்திலேயே உருவானது: மனிதர்கள் கையால் எழுதுவதற்காக இல்லாமல், வேறொரு நிரல் எழுதித் தருவதை வேகமாக ஓட்டுவதற்காக. மெசான் பயனர் சொந்தமாகச் செயற்கூறு எழுதவே இடம் தரவில்லை. பேஸல் என்ற கருவியின் ஸ்டார்லார்க் மொழி பைத்தான் போல இருந்தாலும் தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறுகளையும் வைல் சுற்றையும் விலக்கிவிட்டது. மொழியின் பலத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது. அவர்கள் கொடுத்த விலையை நானும் கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

விலை உண்டு. கோப்புகளுக்கு இப்போது ஊர்ப் பெயர் இல்லை, எண்கள்தான். ‘07 தோல்வி’ என்று வந்தால் 07 எந்த ஊர் என்று பட்டியலைப் பார்க்க வேண்டும். பிழை வந்தால் பைத்தான் எழுதிய கோப்பின் வரி எண்ணைத்தான் மேக் சொல்லும். எக்செல் வரியைச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு விதிக்கும் மேலே எக்செல் வரி எண்ணைக் குறிப்பாக எழுதவைத்தேன். ஒரு தடவை அந்தத் தம்பி தட்டையான கோப்பிலேயே ஒரு விதியைத் திருத்திவிட்டான். அடுத்த ஓட்டத்தில் அது மறைந்துபோனது. குற்றம் அவனுடையதில்லை, திறந்தால் திருத்தக்கூடியதாக விட்டது என்னுடையது. இப்போது அந்தக் கோப்பு படிக்க மட்டும் அனுமதிக்கும். பைத்தானோ எக்செல்லோ மாறினால் மேக் அதைத் தானே புதுப்பித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும். சேர்க்கப்படும் கோப்பும் ஓர் இலக்காக இருந்தால் இதை மேக் தானாகவே செய்யும். பலருக்குத் தெரியாத வசதி, நிச்சயம் பயன்படுத்துங்கள்.

அதற்காக எதற்கெடுத்தாலும் இரண்டு அடுக்கு வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகை, ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலர் போன்ற வேலைகளுக்கு இன்னும் இருபது வரி மேக்ஃபைலைக் கையால்தான் எழுதுகிறேன். := மட்டும் போட்டு, ஈவால் இல்லாமல். ஒரு வரியில் இரண்டு டாலர் சேர்ந்து வரத் தொடங்கினால், அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பைத்தானுக்குப் போய்விடுவேன்.

அந்த முதல் மலரின் நன்கொடைப் பக்கங்களை மறுபடி செய்து, அச்சுக்குப் போகும் முன் நானே ஆச்சி வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பேரன்மாரின் வரியை மட்டும் பார்க்காமல், விரலை வைத்துப் பட்டியல் முழுவதையும் படித்தார். 251 வெள்ளி கொடுத்தவர் அவருடைய கொழுந்தன் மகனாம். “இதையும் சரி பண்ணிட்டீங்களே, அவன் சொல்லிக்கக்கூட மாட்டான்” என்றார். கவுனி அரிசி கொடுத்தார்.

இப்போது எந்த மலரைத் தொடங்கினாலும் முதலில் ஓடுவது ஒரு சோதனைப் பட்டியல். அதில் பன்னிரண்டு பொய் நன்கொடையாளர்கள். ஒருவரின் முகவரியில் காற்புள்ளி, ஒருவரின் வீட்டு எண்ணில் #, ஒருவரின் ஊர் கொம்பும் காலும் பிரிந்த கோட்டையூர், ஒருவரின் படத்துக்கு ‘மேல வீடு’ என்று பெயர். உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். முதல் வரியில் தொகை $1001.